கைடுக்குக் கொடுக்கும் காசு எதற்கு?

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. கண்டிகோட்டா, வெள்ளியங்கிரி, அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போன இடத்தில் கிராண்ட் கேன்யன் என்று எங்கே நடக்கப் போவதாக இருந்தாலும், பையைக் கட்டும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள் உறவுகளே.

மழை ஓய்ந்து டிசம்பர் பிறந்தால் போதும், கிண்டி பக்கத்து ஆபீஸ் வாட்ஸப் குரூப்புகளில் கண்டிகோட்டா படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். வெள்ளிக்கிழமை ராத்திரி டெம்போ டிராவலர், சனிக்கிழமை காலை பாறை விளிம்பில் போட்டோ, பிறகு கைடு ஒருவரைப் பிடித்துக்கொண்டு கீழே ஆற்றுக்கு இறங்குவது. இதுதான் திட்டம்.

"கூட என்ன மாத்திரை எடுத்துட்டுப் போகணும் டாக்டர்?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி, பதில் கீழே இருக்கிறது. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் கேட்பதில்லை. "தேவைப்பட்டா எங்க கைடு எங்களைப் பாதியில திருப்பிக் கூட்டிட்டு வருவாரா?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைடுக்கு நாம் கொடுக்கும் காசில் வழி காட்டும் கூலி ஒரு பங்குதான். பெரிய பங்கு, "போதும் சார், இதுக்கு மேல வேணாம், திரும்பலாம்" என்று சொல்வதற்கான கூலி. அதைச் சொல்லும் தைரியம் அவருக்கு வரும்படி நாம் நடந்துகொள்ளவில்லை என்றால், அவர் கூட வந்தும் நாம் தனியாகப் போனதற்குச் சமம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இடத்தைப் பற்றி. கண்டிகோட்டா ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகு பக்கத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர். எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்துக்கொண்டு போன இடம். தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு, 'கோட்டா' என்றால் கோட்டை. இடுக்கின் ஆழம் ஏறக்குறைய 300 அடி. பாலைவனம் என்று சொல்ல முடியாது. ஆனால் ராயலசீமா மழை குறைந்த வறண்ட பூமி. கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்று ரீல்ஸில் சொல்வது இதைத்தான்.

300 அடி என்றதும் "அவ்ளோதானா?" என்று தோன்றும். நம்ம பரங்கிமலையும் ஏறக்குறைய 300 அடிதான். காலை நடைக்கு அதில் ஏறி இறங்குபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

வித்தியாசம் எங்கே என்றால், பரங்கிமலையில் ஏற்றம் முதலில், இறக்கம் பிறகு. பாதியில் மூச்சு வாங்கினால் திரும்பி இறங்கிவிடலாம், உடம்பே நிறுத்திவிடும். பள்ளத்தாக்கில் இது தலைகீழ். இறக்கம் முதலில் வருகிறது. தெம்பாக இருக்கும் நேரத்தில், காலை வெயிலில், சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கிவிடுவோம். உடம்பு எந்த எச்சரிக்கையும் கொடுக்காது. ஏற வேண்டிய நேரத்தில்தான் கால் சோர்ந்திருக்கும், தண்ணீர் பாட்டில் காலியாகியிருக்கும், வெயில் உச்சிக்கு வந்திருக்கும். பாறை காலையிலிருந்து வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்திருக்கும், இடுக்குக்குள் காற்றும் குறைவு. படிக்கட்டும் கைப்பிடியும் கிடையாது, பாறைக்குப் பாறை கை ஊன்றித்தான் ஏற வேண்டும்.

அதனால் பள்ளத்தாக்கில் "எனக்கு முடியலன்னா திரும்பிடுவேன்" என்ற கணக்கு வேலை செய்யாது. முடியவில்லை என்று தெரியும்போது நீங்கள் ஏற்கனவே கீழே இருப்பீர்கள். தெம்பாக இருக்கும்போதே யாராவது ஒருவர் "இங்கேயே திரும்பலாம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவர்தான் கைடு.

இரண்டாவது, நாம் சென்னைக்காரர்களுக்கே உரிய ஒரு நம்பிக்கை. "நாங்க பார்க்காத வெயிலா?"

பார்த்திருக்கிறோம், ஏசி அறையின் கண்ணாடி வழியாக. வெயிலுக்கு உடம்பு பழகுவது என்பது பிறந்த ஊரைப் பொறுத்தது இல்லை. தொடர்ந்து ஒன்று முதல் இரண்டு வாரம், தினமும் வெயிலில் உடல் உழைப்பு இருந்தால்தான் அது நடக்கும். அப்போது வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரும், அதில் உப்பு வீணாவது குறையும், ரத்தத்தின் பிளாஸ்மா அளவு கூடும். கத்திப்பாராவில் ரோடு போடும் தொழிலாளிக்கு இது இருக்கிறது. ஏசி பஸ், ஏசி ஆபீஸ், ஏசி படுக்கையறை என்று வாழ்பவருக்கு இல்லை. ஒரு சில வாரம் விட்டுவிட்டால் பழகியவருக்கும் போய்விடும்.

அதோடு சென்னை வெயில் ஈர வெயில். சட்டை நனைந்து முதுகில் ஒட்டும், "ரொம்ப வேர்க்குது" என்று உடனே தெரியும், தண்ணீர் குடிப்போம். வறண்ட இடத்தில் வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும். "வேர்க்கவே இல்லடா, க்ளைமேட் சூப்பர்" என்று சொல்லிக்கொண்டே மணிக்கு ஒரு லிட்டர், சில சமயம் அதற்கு மேலும், நீரை இழந்துகொண்டிருப்போம். நீச்சல் தெரிந்தவர்தான் அதிகம் மூழ்குகிறார் என்று கிராமத்தில் சொல்வார்களே, அந்தக் கதைதான்.

இத்துடன் ராத்திரி முழுக்க வண்டியில் தூங்காமல் பாட்டு போட்டுக்கொண்டு வந்ததையும், முந்தின நாள் 'பார்ட்டி'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கமின்மை, மது இரண்டுமே வெப்ப பாதிப்புக்கான ஆபத்தைக் கூட்டும் காரணிகள். இதில் யாருக்காவது நாலு நாள் முன்பு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது நிஜமான கிராண்ட் கேன்யனுக்கு வருவோம். அங்கே இந்தப் பாடத்தைப் பல உயிர்களைக் கொடுத்துப் படித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் அந்தப் பூங்காவின் தெற்கு விளிம்பிலிருந்து 'பிரைட் ஏஞ்சல்' என்ற பாதை கொலராடோ ஆற்றுக்கு இறங்குகிறது. இறக்கம் 4,300 அடிக்கு மேல், அதாவது பதினான்கு பரங்கிமலை. விளிம்பில் குளுகுளுவென்று இருக்கும்போது அடியில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கும். கோடையில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை உள்பள்ளத்தாக்கில் நடக்காதீர்கள் என்பது பூங்கா நிர்வாகத்தின் அறிவுரை. விளிம்பிலிருந்து ஆறு வரை போய் அதே நாளில் திரும்ப முயலாதீர்கள் என்பது இன்னொன்று.

1996 கோடையில் அங்கே வெயிலால் அடுத்தடுத்து மரணங்கள் நடந்தன. மறு ஆண்டு அவர்கள் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்னும் நாலு ஹெலிகாப்டர் வாங்குவதோடு நிறுத்தாமல், பாதை தொடங்கும் இடத்திலும் வழியிலும் ரேஞ்சர்களையும் தன்னார்வலர்களையும் நிற்க வைத்தார்கள். இறங்குபவர்களிடம் அவர்கள் பேச்சுக் கொடுப்பார்கள். எவ்வளவு தூரம் போறீங்க? எவ்வளவு தண்ணி இருக்கு? சாப்பிட உப்பா ஏதாவது வெச்சிருக்கீங்களா? பதில் சரியில்லை என்றால் திட்டத்தைச் சுருக்கச் சொல்வார்கள். மீட்புப் பணி என்பது ஆள் விழுந்த பிறகு தொடங்குவதில்லை, இறங்குவதற்கு முன்பே தொடங்குகிறது என்ற எண்ணம்தான் இதன் அடிப்படை.

நம்ம பக்கம் என்ன நிலைமை?

2018 மார்ச் 11-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலைப் பக்கம் ட்ரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். சென்னையிலிருந்து போன பெண்கள் அதில் பலர். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சிலர் நாட்கணக்கில் தீக்காய வார்டில் போராடி இறந்தார்கள். அது காய்ந்த புல் நிற்கும் மார்ச் மாதம். "இப்போ வேணாம்" என்ற ஒரு சொல் எவ்வளவு விலைமதிப்பானது என்று அன்று தெரிந்தது.

அதன் பிறகு அதே ஆண்டு தமிழக அரசு ட்ரெக்கிங்குக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளை எளிது, மிதம், கடினம் என்று பிரித்துத் திறந்தது. மலையைத் தெரிந்த பழங்குடியினரும் அந்தந்த ஊர்க்காரர்களும் பயிற்சி பெற்ற கைடுகளாகக் கூட வருகிறார்கள். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். "காசு கட்ட ரெடியா இருக்கோம், எதுக்கு மூடுறீங்க?" என்று சிலர் கோபப்பட்டதைப் பார்த்தேன். அந்த மூடும் முடிவுதான் அந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த அம்சம் என்பேன்.

ஆனால் அரசு பாதையை மூடுவது வேறு, நடுவழியில் ஒரு தனிமனிதர் உங்களைத் தடுத்து நிறுத்துவது வேறு. இரண்டாவதுதான் கஷ்டம். ஏன் என்று அவர் பக்கத்திலிருந்து யோசியுங்கள்.

அவர் அந்த ஊர்க்காரர். தினக்கூலி மாதிரிதான் வருமானம். எதிரே பத்து பேர், நல்ல ஷூ, நல்ல பை, நல்ல சம்பளம். அவரை "அண்ணா" என்கிறோம், அவர் நம்மை "சார்" என்கிறார். மணி பத்தரை. குழுவில் ஒருவருக்குத் தலைவலி, நடை தள்ளாடுகிறது. கைடுக்குத் தெரிகிறது. திருப்பினால் என்ன ஆகும்? "ஃபுல் ட்ரெக்குக்குத்தான் காசு பேசினோம்" என்பார்கள். டிப்ஸ் போகும். கூகுளில் ஒரு ஸ்டார் போடுவார்கள். அடுத்த வாரம் வரவிருந்த குழு வராது. திருப்பாமல் கூட்டிக்கொண்டு போனால்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எல்லாரும் கைகொடுத்து ஐநூறு ரூபாய் சேர்த்துக் கொடுப்பார்கள்.

இந்தக் கணக்கில் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? குறை அவர் மீது இல்லை. கணக்கை அப்படி அமைத்தது நாம்.

ஆஸ்பத்திரியிலும் இதே பிரச்சினை உண்டு. ஆபரேஷன் தியேட்டரில் தப்பு நடக்கப்போவதை ஜூனியர் நர்ஸ் பார்த்துவிடுவார். சீனியர் சர்ஜனிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கும் அந்த அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதற்காகத்தான் 2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. கத்தி வைக்கும் முன் எல்லாரும் நின்று, பெயரைச் சொல்லி, நோயாளி யார், எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதவியில் சின்னவரும் வாய் திறந்து பேச அது ஒரு வழி.

ட்ரெக்கிங்கிலும் இதைச் செய்யலாம். செலவே இல்லாத நாலு காரியம்:

1. பேசிய முழுத் தொகையையும், டிப்ஸையும் சேர்த்து, இறங்கும் முன்பே கைடு கையில் கொடுத்துவிடுங்கள். "பாதியில திருப்பினாலும் இது உங்க காசுதான்ணா" என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.

2. திரும்பும் நேரத்தை விளிம்பில் நிற்கும்போதே முடிவு செய்யுங்கள். உதாரணமாக ஒன்பதரை மணி. ஆற்றைத் தொட்டோமோ இல்லையோ, ஒன்பதரைக்குத் திரும்ப வேண்டும். ஏற்றத்துக்கு இறக்கத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் அப்படித்தான், ஒரு பங்கு இறங்க, இரண்டு பங்கு ஏற.

3. யாருக்கு என்ன வியாதி, என்ன மாத்திரை என்று கைடுக்குத் தெரியட்டும். சுகர், பிபி, வலிப்பு, ஆஸ்துமா எதுவாக இருந்தாலும் மறைக்காதீர்கள். மொழி தெரியவில்லை என்றால் தெலுங்கு தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்லுங்கள்.

4. ஒருவர் திரும்பினால் குழுவே திரும்பும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். "நீ இந்த நிழல்ல உக்காரு, நாங்க போய்ட்டு வந்துடறோம்" என்பதுதான் நான் கேள்விப்படும் வாக்கியங்களிலேயே ஆபத்தானது. வெப்ப பாதிப்பு வந்தவரைத் தனியாக விடவே கூடாது.

"பயமுறுத்தாதீங்க டாக்டர், ஆயிரக்கணக்கான பேர் போய்ட்டு நல்லாத்தான் வர்றாங்க" என்று கமெண்ட் வரும். உண்மைதான். நானும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. வாரம் ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் மலைக்குப் போவது எனக்கு சந்தோஷம். ஆனால் போனவர்கள் நல்லபடியாக வந்ததற்குப் பெரும்பாலும் பருவமும் நேரமும் காரணம். அதே இடத்துக்கு ஏப்ரலில் போங்கள், அதே பதில் வராது.

"கூகுள் மேப் இருக்கே, கைடே வேணாமே?" என்பவர்களுக்கு: மேப் வழி சொல்லும். உங்கள் நண்பர் உளற ஆரம்பித்ததை மேப் கவனிக்காது. பள்ளத்துக்குள் சிக்னலையும் நம்ப வேண்டாம்.

சரி, இப்போது மருத்துவம். கைடுக்கும் தெரிந்திருக்க வேண்டியது, உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

வெப்பச் சோர்வு: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, அளவுக்கு மீறிய களைப்பு. ஆனால் பேச்சு தெளிவாக இருக்கும். உடனே நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, துணியைத் தளர்த்தி, உடம்பில் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். மெதுவாகக் குடிக்கக் கொடுங்கள். சரியானாலும் அன்றைக்கு நடை அத்தோடு முடிந்தது, ஆற அமர மேலே ஏறுவது மட்டும்தான்.

வெப்ப வாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக்: உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய் மூளை பாதிக்கப்படும் நிலை. குழப்பமான பேச்சு, எரிச்சல், தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெயிலில் நடந்தபோது வரும் வகையில் உடம்பு வியர்வையில் நனைந்தே இருக்கலாம். "வேர்த்துட்டுதானே இருக்கான், ஒண்ணும் ஆகாது" என்று விட்டுவிடாதீர்கள். பேச்சு மாறினால் அது எமர்ஜென்சி.

அப்போது முதல் வேலை தூக்கிக்கொண்டு ஓடுவது இல்லை, குளிர வைப்பது. கையில் இருக்கும் தண்ணீரைத் தலை, கழுத்து, அக்குள், மார்பு, தொடை என்று உடம்பு முழுக்க ஊற்றி விடாமல் விசிறுங்கள். கூடவே ஒருவர் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் 108-ஐ அழைக்கட்டும். ஆந்திராவிலும் அதே எண்தான். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஆற்றுக்குள் இறக்காதீர்கள். பாராசிட்டமால் இதில் வேலை செய்யாது, அது காய்ச்சலுக்கான மாத்திரை.

தண்ணீர்: வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் ஆபத்து. வியர்வையில் உப்பும் போகிறது, தண்ணீர் மட்டும் உள்ளே வருகிறது, ரத்தத்தில் சோடியம் சரிகிறது. வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். கிராண்ட் கேன்யனில் நடந்தவர்களிடம் இதை 1990-களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தாகத்துக்குத் தகுந்தபடி அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கூட ஓ.ஆர்.எஸ், உப்புக் கடலை, தயிர்சாதம், ஊறுகாய். ஓ.ஆர்.எஸ் ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் சரியாக ஒரு லிட்டரில் கலக்க வேண்டும். பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்கிறதா பாருங்கள். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்பு பானங்கள் அதற்கு மாற்று கிடையாது.

மாத்திரைகள்: பிபி மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மருந்து சேர்ந்திருக்கலாம். பீட்டா பிளாக்கர், சுகருக்கான டாபாக்ளிஃப்ளோசின் வகை, தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகள் எல்லாமே வெயிலைத் தாங்கும் திறனைக் குறைக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். போகும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முட்டி வலிக்கிறது என்று நடுவழியில் டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் போடவே வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அது கிட்னியை நேராக அடிக்கும்.

திரும்பி வந்த பிறகு: ஞாயிறோ திங்களோ சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால், தொடை பயங்கரமாக வலித்தால், "ட்ரெக்கிங் வலி" என்று ஆபீஸ் போகாதீர்கள். தசை சிதைந்து அதன் கழிவு கிட்னியில் அடைபடும் நிலையாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் ரத்தப் பரிசோதனையும் சலைனும் இலவசம். சீக்கிரம் வந்தால் பெரும்பாலானவர்கள் டயாலிசிஸ் இல்லாமலே தப்பிக்கிறார்கள்.

கடைசியாக சுற்றுலாத் துறைகளுக்கும் ட்ரெக்கிங் குழு நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கைடுகளுக்கு வெப்ப பாதிப்புக்கான முதலுதவிப் பயிற்சி கொடுங்கள். அதைவிட முக்கியம், "கைடின் முடிவே இறுதியானது, பாதியில் திரும்பினாலும் கட்டணத்தில் பிடித்தம் இல்லை" என்று டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் அந்த ஊர்க்கார அண்ணன் யாருக்கும் பயப்படாமல் கையை நீட்டித் தடுப்பார்.

அப்படித் தடுக்கும் கைடு கிடைத்தால் திரும்பி வந்து அவருக்கு ஐந்து ஸ்டார் போடுங்கள். ஆற்றைப் பார்க்காமலே வந்தோம் என்றும் எழுதுங்கள். அடுத்து போகிறவர்களுக்கு அதைவிட நல்ல ரிவ்யூ வேறு கிடையாது.

உங்கள் ட்ரெக்கிங் குரூப்பில் இதைப் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள், டூட்டி முடிந்ததும் பதில் சொல்கிறேன்.


கிண்டியிலிருந்து ஓர் அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.